தண்டவாளனின் நான்காம் பாகம்

கல்யாண மாலைக்கு மஞ்சள் தீட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அஞ்சலை அக்கா. தலையில் துணிக்கட்டு, முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி. அவருக்குப் பின்னால் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள்.

"டீச்சரம்மா இருக்காங்களா?"

குரலைக் கேட்டு அடுப்படியிலிருந்து அண்ணி வந்தார். அஞ்சலை அக்கா மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரித்தான் இருந்தது.

"ஒன்னே ஒன்னு கேக்கணும் டீச்சரம்மா. நம்ம ஸ்டேசன்லருந்து போற தண்டவாளம் எதுவரைக்கும் போவுது?"

"குளுவாங், பெக்கோக், சிகாமட், கெமாஸ்..." என்று அண்ணி வகுப்பில் சொல்வதைப் போல ஆரம்பித்தார்.

"அதுக்கப்புறம்?"

"கோலாலம்பூர். ஈப்போ. அப்புறம் பிறை."

"அதுக்கும் அப்புறம்?"

அண்ணி ஈரக் கையைச் சேலையில் துடைக்க ஆரம்பித்தார்.

"சயாம்தானே?" என்றார் அஞ்சலை அக்கா. "அப்ப நம்ம தண்டவாளன் ஏன் இன்னும் இங்கயே சுத்திக்கிட்டு இருக்கான்? அவனுக்குத் தண்டவாளம் இருந்தாப் போதும், எங்க வேணாலும் ஓடுவான்னு நீங்கதானே எழுதுனீங்க? எங்க ஆளுங்கள அங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க. அவன் போய்க் கூட்டிட்டு வரட்டும் லா!"

பேசிக்கொண்டே அவர் கண் என் தாளில் விழுந்தது. மாலையும் கழுத்துமாக நின்றான் தண்டவாளன்.

"ஓ, மாப்பிள்ளைக்குக் கல்யாணமா? அதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம்னு சொல்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே குஷி. நான் வரைந்த ஒருவனைத் தேடிக்கொண்டு இத்தனை பேர் மண்வெட்டியோடு வந்திருக்கிறார்களே!

இந்தத் தண்டவாளன் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

பெட்டியோடு வந்த அண்ணி

நாங்கள் ஜொகூர் பாருவுக்கு வடக்கே, லாயாங் லாயாங் என்ற ஊரில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று நெம்புகோலை இழுத்து மாற்றிவிடுகிற வேலை. அம்மா முன்பே தவறிவிட்டார். அந்தோணி அண்ணன் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிற பயர்மேன். அவர் ஜொகூர் பாருவில் பெண் எடுத்தார். அப்படி வந்தவர்தான் லூர்து அண்ணி.

அண்ணி ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். புதுப்பெண்ணின் பெட்டியில் பட்டு இருக்கும், பாத்திரம் இருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மேலே இரண்டு சேலை. அடியில் முழுக்கப் படக்கதைப் புத்தகங்கள். அண்ணியின் அண்ணன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து தங்கைக்குக் கொடுத்திருக்கிறார்.

முகமூடி போட்டவன், கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறவன், ஒரே குத்தில் காரைக் கவிழ்க்கிறவன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. படத்தைப் பார்த்தே கதை தெரிந்துகொள்வேன். அப்பா ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால்தான் புத்தகத்தைக் கீழே வைப்பேன். முட்டி போட்டிருப்பேன், மனசு மட்டும் மாடிக்கு மாடி தாவிக்கொண்டிருக்கும்.

அண்ணி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. அண்ணனையும் இன்னும் சில ரயில்காரர்களையும் சயாமில் புதுப்பாதை போடுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்திலிருந்தும் ஆட்களைத் திரட்டி வண்டியில் ஏற்றினார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னார்கள்.

அண்ணன் போன பிறகு அண்ணி அவர் பெயரையே எடுப்பதில்லை. அழவும் இல்லை. வீட்டைக் கூட்டுவார், கிழங்கை வேகவைப்பார், சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

ஒரு மழை நாளில் நானே பேச்சைத் தொடங்கினேன். "அண்ணி, நாமளே ஒரு படக்கதை போட்டா என்ன? நீங்க எழுதுங்க, நான் வரையிறேன்."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வரையுற மனுசனுக்கு ரெண்டு காலும் இடது காலாவே இருக்கும்."

"அதுவே ஒரு சக்திதானே?"

பல நாளுக்குப் பிறகு அண்ணி அன்றைக்குச் சிரித்தார்.

சோறு தின்றால் போதும்

ஸ்டேஷனில் பழைய கால அட்டவணைத் தாள்களை எரிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் பளிச்சென்று வெள்ளை. அப்பா எரிக்க மனமில்லாமல் ஒரு கட்டுத் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். மடித்து வெட்டிப் பார்த்தோம். நான்கு புத்தகத்துக்குத்தான் வந்தது. அதனால் கதையும் நான்கு பாகம் என்று முடிவாயிற்று. பெரிய எழுத்தாளர்கள் எப்படித் தீர்மானிப்பார்களோ, எங்களுக்குத் தாள்தான் தீர்மானித்தது.

வண்ணம் எல்லாம் அடுப்படியிலிருந்து வந்தது. மஞ்சள் இருக்கவே இருக்கிறது. அதில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பு. சங்குப்பூவைக் கசக்கினால் நீலம், சோற்றில் வாசனைக்குப் போடுகிற பண்டான் இலையைக் கசக்கினால் பச்சை. விளக்குக் கரி கறுப்பு. பாக்கு மட்டை நாரை மென்று மென்று தூரிகை செய்தேன். மாதக்கணக்கில் என் பல் இடுக்கெல்லாம் நார்தான்.

நாயகனுக்கு என்ன சக்தி கொடுப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. அந்தப் புத்தகங்களில் ஏதோ மருந்து குடிப்பான், இல்லையென்றால் மின்னல் தாக்கும்.

"நமக்கு எதுக்கு மருந்தும் மின்னலும்?" என்றார் அண்ணி. "ஒரு தட்டு சோறு வயிறு நெறயச் சாப்பிட்டா நம்ம ஆளுங்க எல்லாருமே பறப்பாங்க."

அப்படிப் பிறந்தவன்தான் தண்டவாளன். வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேல் ஓடுவான். காலடியில் தீப்பொறி பறக்கும். லாயாங் லாயாங்கில் காலை வைத்தால் பெக்கோக்கில்தான் மூச்சு விடுவான். தண்டவாளத்தை விட்டுக் கீழே இறங்கினால் நம்மைப்போல சாதாரண ஆள். இடது கையில் சிவப்புக் கொடி, வலது கையில் பச்சைக் கொடி. சிவப்பைக் காட்டினால் எதிரி அப்படியே நின்றுவிடுவான். பச்சையைக் காட்டினால் ஓட வேண்டியதுதான்.

மீசை மட்டும் எனக்குச் சரியாக வரவே இல்லை. கடைசியில் அப்பா கயிற்றுக் கட்டிலில் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் மீசையைப் பார்த்து வரைந்தேன். அருமையாக வந்தது.

எதிரி யார்? அதில் அண்ணி மிகவும் கவனமாக இருந்தார். ஜப்பான்காரன் காதுக்குப் போனால் வம்பு, மனுஷ ஜாதி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஊபியாசுரன் வந்தான். மரவள்ளிக்கிழங்கை எங்கள் பக்கம் மலாயில் ஊபி என்போம். காலையில் ஊபி, மத்தியானம் ஊபி, ராத்திரிக்கு ஊபி மாவில் ஒரு களி. நாட்டில் இருக்கிற அரிசியையெல்லாம் மரவள்ளியாக மாற்றிவிட்ட அசுரன் அவன். வேர்தான் அவனுக்குக் கைகால். ஒரு வேரை வெட்டினால் இன்னொன்று முளைக்கும். புத்தகத்தை ஒட்டுவதற்கு எங்களிடம் இருந்ததும் மரவள்ளிக் கூழ்தான். அசுரனை அவன் கூழை வைத்தே ஒட்டினோம். அதற்குக் கரப்பான்பூச்சி வந்தது தனிக்கதை.

நக்கித் தின்ற பக்கம்

ஒவ்வொரு பாகமும் ஒரே ஒரு பிரதிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லயத்துக்கு எதிரே இருந்த தண்ணீர்க் குழாய் அருகே அண்ணி நின்று வாசிப்பார். நான் பக்கம் பக்கமாகத் தூக்கிப் பிடிப்பேன். பிறகு புத்தகம் ஒரு வாரம் லயத்தில் வீடு வீடாகச் சுற்றும்.

முதல் பாகத்தில் சண்டையை நான் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தேன். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்டவாளன் சாப்பிடுகிற பக்கம்தான் எல்லாருக்கும் வேண்டும். வாழை இலை, ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு, அதன் நடுவில் குழி, குழி நிறைய மீன் குழம்பு. அந்தப் பக்கத்தைத் தூக்கியதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"கொஞ்சம் கிட்டக் காட்டு தங்கச்சி."

"குழம்புல மாங்கா போட்டிருக்கியா?"

"பக்கத்துல அப்பளம் ஒன்னு வச்சிரு, பாவம்."

வேலி ஓரமாக நின்ற பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய் அம்மா ஒருவர், "அலாமாக்!" என்று கன்னத்தில் கை வைத்தார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. சோறு தெரியும்.

வாரம் முடிந்து புத்தகம் திரும்பி வந்தபோது குழம்பைக் காணோம். ஒரு குழந்தை அந்த இடத்தை நக்கிவிட்டதாம். மஞ்சள்தானே, ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அண்ணிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவர் வரைந்ததற்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா என்று கேட்டார்.

அப்பாவின் மீசைக்கு வந்த வினை

இரண்டாம் பாகம் திரும்பி வருவதற்குத் தாமதமாயிற்று. கேட்டுவரலாம் என்று அண்ணியும் நானும் லயத்துக்குப் போனோம்.

லயத்தின் கடைசி வீட்டை ஒட்டி ஒரு பலகை. பலகையின் மேல் எங்கள் புத்தகம். தண்டவாளன் இரண்டு கொடியோடும் மீசையோடும் விறைப்பாக நிற்கிற பக்கம் திறந்திருந்தது. முன்னால் தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் ஊற்றித் திரி எரிந்தது. பக்கத்தில் செம்பருத்திப் பூ.

பெரிய மீசை, தலைப்பாகை, வெறுங்கால், இரண்டு கையிலும் ஏதோ ஒன்று. நான் வரைந்தது எனக்குச் சாகச வீரன். லயத்துப் பெண்களுக்கு அது காவல் தெய்வம். தோட்டத்து எல்லையில் நிற்கிற சாமிக்கும் அவனுக்கும் அவர்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இத்தனைக்கும் வரைந்தவள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் நற்கருணை வாங்குகிறவள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வழியெல்லாம் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா பிலோமி, ஸ்டேசன்ல பொம்பளைங்க என்னப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போறாங்க. நான் என்ன செஞ்சேன்?"

எப்படிச் சொல்வது? சொன்னோம். அப்பா அன்றைக்கு இன்னொரு ஜெபமாலை கூடுதலாகச் சொன்னார். மீசையை எடுத்துவிடலாமா என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்ததையும் பார்த்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நாள் போனதும் அதற்கு எண்ணெய் தடவி முறுக்க ஆரம்பித்துவிட்டார். பாவம், மனுஷனுக்கு வேறு என்ன கிடைத்தது அந்தக் காலத்தில்?

ஆனால் அண்ணி அந்தச் சிரட்டை விளக்கைப் பார்த்ததிலிருந்து யோசனையாகவே இருந்தார்.

"இவங்க நம்பிட்டாங்க பிலோமி," என்றார். "கதைன்னு நெனைக்கல."

மூன்றாம் பாகத்தில் ஊபியாசுரனைக் கொன்றாயிற்று. தண்டவாளன் அவனைக் குளுவாங் வரை விரட்டிக்கொண்டு போய், சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்தி, வேரோடு பிடுங்கினான். லயமே கைதட்டியது. நான்காம் பாகத்தில் கல்யாணம், விருந்து, எல்லார் இலையிலும் சோறு என்று சுபமாக முடிப்பது அண்ணியின் திட்டம். வாசலில் மண்வெட்டியோடு அஞ்சலை அக்கா வந்து நிற்கிற வரைக்கும் அந்தத் திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

"சோறா வெந்துச்சு?"

வாசலுக்குத் திரும்பி வருவோம்.

"முடியாது அக்கா," என்றார் அண்ணி. குரலில் கண்டிப்பு. "வேற என்ன வேணா கேளுங்க, எழுதுறேன். அது மட்டும் முடியாது."

"ஏன் முடியாது?"

"நான் எழுதிருவேன். உங்க வீட்டுக்காரரு வந்துட்டாருன்னு வாசிச்சிருவேன். மறுநாள் காலைல நீங்கள்லாம் ஸ்டேசன்ல போய் நிப்பீங்க. ஒவ்வொரு வண்டியா பாப்பீங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எனக்குத் தெரியும், அண்ணி அவர்களுக்காக மட்டும் பயப்படவில்லை. அண்ணன் வருவார் என்று ஒருமுறை எழுதிவிட்டால், தானும் அதை நம்ப ஆரம்பித்துவிடுவோம் என்று பயந்தார். நம்பாமல் இருந்துதான் அவர் அத்தனை நாளும் எழுந்து நடமாடினார். அண்ணன் திரும்புவாரா என்ற கேள்வியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. அதை அஞ்சலை அக்கா நடுவாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அஞ்சலை அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் போய்விட்டது.

"டீச்சரம்மா, ஊபியாசுரன் செத்தான்னு போன தடவ வாசிச்சீங்க. கேட்டுட்டு, கைதட்டிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் எங்க அடுப்புல சோறா வெந்துச்சு? ஊபிதானே வெந்துச்சு. நாங்க வந்து உங்ககிட்டச் சண்டை போட்டோமா?"

அஞ்சலை அக்கா முழங்காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார்.

"கதைன்னு எங்களுக்குத் தெரியாதா? ஆனா அன்னைக்கு ராத்திரி அந்த ஊபி கொஞ்சம் ருசியா இருந்துச்சு. அவ்வளவுதான் கேக்குறோம்."

"அப்ப அந்த விளக்கு?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"விளக்கேத்துனா நல்லதுதானே, வெளிச்சமா இருக்கும்," என்றார் அவர்.

அண்ணி என் கையிலிருந்த தாளை வாங்கினார். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற தண்டவாளனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

"சரி. நாளைலேர்ந்து ஒவ்வொருத்தரா வாங்க. உங்க ஆளு எப்படி இருப்பாருன்னு பிலோமிகிட்ட அடையாளம் சொல்லணும். சும்மா ஏதோ ஒரு மூஞ்சியக் கூட்டிட்டு வர முடியாது."

புருஷன்மாரின் அடையாளம்

என் வாழ்நாளில் அவ்வளவு சிரித்த வாரம் வேறு கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஒரு நீளமான ரயில் பெட்டி, அதன் ஜன்னல்களில் எல்லா முகங்களும். அதுதான் ஏற்பாடு. வேலை முடிந்து பெண்கள் வருவார்கள். ஒருத்தி சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

"நல்லா செவப்பா இருப்பாரு. சுருட்ட முடி."

"யாரு, உன் வீட்டுக்காரரா? அந்தத் தலையில ஈ உக்காந்தாலே வழுக்கி விழும்!"

"என் புருசனுக்கு முடி இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? நீ போடு தங்கச்சி."

போட்டேன். என் கைவண்ணத்தில் பல பேருக்கு முடி முளைத்தது, தொப்பை கரைந்தது, பல் வரிசைக்கு வந்தது.

அஞ்சலை அக்கா மட்டும் பொய் சொல்லவில்லை. அவர் கணவர் காளிமுத்து. புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. "அது நான் அகப்பையால அடிச்சது. அதையும் போடு. இல்லன்னா வேற யாரோன்னு நெனச்சிருவேன்."

கல்யாணமாகிச் சில வாரத்திலேயே கணவனை வண்டியேற்றிவிட்ட ஒரு சின்னப் பெண் கடைசியாக வந்தாள். அவளுக்கு என் வயசுதான் இருக்கும். முகத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூஞ்ச நான் சரியாப் பாக்கலக்கா. வெக்கமா இருந்துச்சு. கையி தெரியும்."

யாரும் கேலி செய்யவில்லை. அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். நீளமான விரல், கட்டைவிரல் நகம் கறுத்தது, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஒரு ஜன்னலிலிருந்து அந்தக் கை மட்டும் வெளியே நீண்டு ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, இதான்," என்றாள். முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்!

அண்ணி தன் பங்குக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரை எழுதாதே என்று அப்பா கெஞ்சியதால் 'வடக்கே' என்று மட்டும் இருந்தது. தண்டவாளன் வடக்கே ஓடுகிறான். ஒரு காட்டில் தண்டவாளம் தீர்ந்துவிடுகிறது. கீழே இறங்கினால் அவனும் சாதாரண ஆள்தான். என்ன செய்வான்? அந்தப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் தண்டவாளம் போட்டுக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு துண்டாகப் போடப் போட, அவன் ஒவ்வொரு அடியாக ஓடுகிறான். இரண்டு பேரும் நடுவில் சந்திக்கிறார்கள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்கிறான். சண்டையே இல்லை. அவர்கள் ஏறிய ரயில் பெட்டியைத் தன் தலைப்பாகைத் துணியால் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான்.

அண்ணி எழுதியதிலேயே மிக நல்லது அதுதான்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. "அண்ணனோட மூஞ்சிய எங்க போடட்டும்?" என்று கேட்டேன்.

"வேணாம்," என்றார் அண்ணி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அவர்கள் திரும்பி வந்தார்களா என்ற கேள்வி உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதை மறைத்து வைத்துக் கதை சொல்வதில் எனக்கு இஷ்டமில்லை.

அந்தோணி அண்ணன் வந்தார். ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு ஒரு நாள், எலும்பும் தோலுமாக, முன்பல் இல்லாமல் வந்தார். பிறகு நீண்ட காலம் இருந்து, அண்ணியின் சமையலில் குறை சொல்லி, பேரப்பிள்ளைகளைக் கெடுத்து, நன்றாகத்தான் வாழ்ந்தார்.

கறுப்புக் கயிறு கட்டிய கை வந்தது. அந்தச் சின்னப் பெண் ஸ்டேஷனில் முதலில் கையைப் பார்த்தாள், பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

மற்ற ஜன்னல்களில் பலர் வரவில்லை. காளிமுத்து வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் பிற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

கடைசிப் பக்கம்

தண்ணீர்க் குழாயடியில் அன்றைக்குப் போல் கூட்டம் என்றைக்கும் கூடியதில்லை. வெயில் இறங்கி, மண் குளிர்ந்திருந்தது. யாரோ ஊபி அப்பம் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பாகூட மீசையை முறுக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

அண்ணி வாசித்தார். காட்டில் தண்டவாளம் தீர்ந்த இடத்தில் ஊபி அப்பம் வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது. "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று அண்ணி வாசித்ததும் ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், மரத்திலிருந்த மைனா எல்லாம் பறந்துவிட்டன.

நான் கடைசிப் பக்கத்தைத் தூக்கினேன். அவ்வளவுதான். வரிசையெல்லாம் கலைந்து என் மேல் வந்து விழுந்தார்கள்.

"அந்தா, மூணாவது ஜன்னல்!"

"எனக்குத்தான் நல்லா வந்திருக்கு."

"ஐயோ, இந்த மனுசன் இதுலயும் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் வராரு!"

சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக ஓடின. அந்தச் சின்னப் பெண் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்துப் பார்த்தாள்.

அஞ்சலை அக்கா பக்கத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவிக்கொண்டே போனார். காளிமுத்துவின் தழும்பைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கேயே நிற்காமல் மேலே போனார். கடைசி ஜன்னல் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

"டீச்சரம்மா, பயர்மேன் தம்பி எங்க?"

அண்ணி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"எல்லாரையும் போட்டதுல எடம் பத்தல அக்கா."

"எப்படிப் பத்தாமப் போவும்?" என்றார் அஞ்சலை அக்கா. என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு."

நான் அண்ணியைப் பார்த்தேன். யாரோ ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து கரியையும் தூரிகையையும் எடுத்து வந்தார்கள். தண்ணீர்க் குழாயின் சிமெண்டுத் திட்டில் தாளை விரித்தேன். காளிமுத்துவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முகம் வைக்கிற அளவுக்கு இடம் இருக்கத்தான் செய்தது. கூட்டம் முழுவதும் என் தலைக்கு மேல் குனிந்தது.

அண்ணன் முகம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்த்த முகம். ஆனாலும் வேண்டுமென்றே தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"அடையாளம் சொல்லுங்க அண்ணி. எல்லாரும் சொன்னாங்க இல்ல?"

அண்ணி என் அருகில் வந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நெற்றி அகலம். ஒரு காது சற்றே மடங்கியிருக்கும். மூக்கு இன்னும் பெரிசு, இன்னும் பெரிசு, வெட்கப்படாமல் போடு. பெண்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவர் துடைக்கவில்லை.

வாய்க்கு வந்தேன். தூரிகையை வைக்கப் போன என் மணிக்கட்டை அண்ணி பிடித்துக்கொண்டார்.

"சிரிக்கிற மாதிரி போடு பிலோமி. அழுத மூஞ்சியோட வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

சிரிக்கிற மாதிரித்தான் போட்டேன்.